ரெஸ் இன்ஃபினிட்: பழைய ஆட்டத்தைப் புதிய கன்சோலில் ஆடியவர்கள் வாருங்கள்

கம்பிக்கூடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் ரெஸ் என்ற வீடியோ ஆட்டத்தை முதன்முதலில் பார்த்தது 2003இல், பெரியம்மா மகன் வீட்டில். அவரிடம் ப்ளேஸ்டேஷன் 2 இருந்தது. கரிய திரையில் வெறும் கோடுகளால் ஆன ஓர் உருவம் பறந்துகொண்டிருந்தது. சுவர் இல்லை, தரை இல்லை, வானமும் இல்லை. எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு மட்டுமே இருந்தது. "என்ன அண்ணா, பாதி வரைந்துவிட்டு நிறுத்திவிட்டார்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தார்.

பொத்தானை அழுத்திப் பிடித்தபடி குறியை எதிரிகளின் மீது ஓட்ட வேண்டும். ஒரே பிடியில் எட்டு இலக்குகள் வரை பூட்டலாம். விரலை எடுத்ததும் கதிர்கள் பாயும். பறக்கும் பாதை நம் கையில் இல்லை. ஆட்டமே இழுத்துச் செல்லும். இதுவரை புதுமை எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு இலக்கைப் பூட்டும்போதும் ஒரு சின்ன ஓசை, ஒவ்வொன்று உடையும்போதும் ஒரு தட்டல், அத்தனையும் ஓடிக்கொண்டிருந்த இசைக்குள் தாமாகவே போய் உட்கார்ந்தன. நான் எப்போது விரலை எடுத்தாலும் தாளம் தப்பவில்லை. வெறும் அடிமுரசாகத் தொடங்கிய ஒலி ஒவ்வொரு அடுக்காக ஏறி, பகுதியின் முடிவில் முழுப் பாட்டாக நின்றது. அதை நான் வாசித்ததாகவே நம்பினேன். அன்று இரவு தூக்கத்தில்கூட விரல் துடித்ததாக அம்மா சொன்னார்.

சென்ற மாதம் அதன் மறுபதிப்பான ரெஸ் இன்ஃபினிட்டைப் ப்ளேஸ்டேஷன் 4இல் வாங்கினேன். படம் கண்ணாடித் துண்டுபோல் இருக்கிறது. பழைய திரையில் நடுங்கிய கோடுகள் இப்போது முடி அளவு மெல்லியதாக, அசையாமல் நிற்கின்றன. ஆனால் அந்த ஒட்டுதல் இல்லை. நானும் இசையும் இரண்டு தண்டவாளங்களில் ஓடுவதுபோல் ஓர் உணர்வு. வயதாகிவிட்டதால் எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா, பழைய நினைவு பொய் சொல்கிறதா, அல்லது இந்தப் பதிப்பில் ஏதோ மாறிவிட்டதா? இரண்டையும் ஆடியவர்கள் சொல்லுங்கள். இந்த ஆட்டத்தின் மீது எனக்கு இருக்கும் பாசத்தினால்தான் இவ்வளவு விவரமாகக் கேட்கிறேன்.

வெட்டவெளி

நண்பரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் இதை நேற்றுதான் ஒன்றரை மணி நேரம் ஆடினேன். ஐந்து பகுதிகளில் மூன்று முடிந்துவிட்டன. கோடுகளால் வரைந்த ஆட்டத்துக்கு மறுமெருகு எதற்கு என்பது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. தோல், துணி, முகம், மரம் இருக்கும் ஆட்டங்களில் மெருகேற்ற வேலை இருக்கிறது. கோட்டைக் கூர்மையாக்கினால் கோடுதானே? அந்தப் பணத்தில் புதிதாக ஏதாவது செய்திருக்கலாம்.

பழம்பெட்டி

வெட்டவெளி, கோடுகளால் வரைந்ததால்தான் இது கிழடு தட்டவில்லை. இது வெளியான அதே 2001இல் வந்த எத்தனையோ ஆட்டங்களின் மனித முகங்களை இன்று பார்க்க முடியவில்லை. ரெஸ் மெய்யான உலகத்தைக் காட்ட முயலவே இல்லை, ஆகவே தோற்கவும் இல்லை.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், இழைக்கு உதவும். ஜப்பானிய ஆட்ட நிறுவனமான செகாவின் கிளையான யுனைட்டெட் கேம் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற குழு இதைச் செய்தது. தயாரிப்பாளர் டெட்சுயா மிசுகுச்சி. கார் பந்தய ஆட்டமான செகா ராலியைக் கொடுத்தவர் அவரே. இயக்குநர் ஜுன் கோபயாஷி, ஓவியப் பொறுப்பு கட்சுமி யோகோட்டா. 2001 நவம்பரில் ஜப்பானில் செகாவின் சொந்தக் கன்சோலான டிரீம்காஸ்ட்டிலும் ப்ளேஸ்டேஷன் 2இலும் ஒரே நேரத்தில் வந்தது. அதற்குள் டிரீம்காஸ்ட்டின் கதை முடிந்திருந்தது; அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அதன் தயாரிப்பை நிறுத்தப்போவதாகச் செகா அறிவித்துவிட்டது. ஐரோப்பாவில் டிரீம்காஸ்ட் பதிப்பு கிடைத்தது, வட அமெரிக்காவுக்குப் ப்ளேஸ்டேஷன் 2 பதிப்பு மட்டுமே போனது. 2003இல் அந்தக் குழுவைச் சோனிக் டீமுடன் இணைத்துவிட்டார்கள். மிசுகுச்சி வெளியேறி கியூ என்டர்டெயின்மென்ட்டைத் தொடங்கினார்.

அதாவது கன்சோல் செத்தது, குழு கலைந்தது, ஆட்டம் மட்டும் மிஞ்சியது. மறுபதிப்பு வராமல் இருந்திருந்தால் என்னைப்போல் பழைய பெட்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறவர்களிடம் மட்டும் இருந்திருக்கும். என்னிடம் மூலப்பதிப்பு இருக்கிறது, இன்றும் கண்ணாடிக் குழல் தொலைக்காட்சியில்தான் ஆடுகிறேன். என்னைக் கேட்டால் அதுவே ரெஸ். ஆனால் மறுபதிப்பு தேவையே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மோகரா

மிருதங்கம் கற்றவன் என்ற முறையில் இதைக் கேட்கிறேன். "எப்போது அழுத்தினாலும் தாளம் தப்பவில்லை" என்று கம்பிக்கூடு மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறார். எனக்கு அந்த இடம்தான் உறுத்துகிறது.

என் குருநாதரிடம் முதல் ஆண்டு முழுவதும் கையால் தாளம் மட்டும் போட்டேன். சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில், வந்து விழுவதற்கு எத்தனை நாள் அடி, எத்தனை நாள் அழுகை! ஒரு கணக்கை எடுத்து, நடுவில் நெஞ்சு படபடக்க, தீர்மானம் என்ற முடிவுச் சொற்கட்டு சரியாகப் பாட்டு தொடங்கும் எடுப்பில் வந்து நிற்கும்போது கிடைக்கும் நிறைவு, தவற வாய்ப்பு இருந்ததால்தான் கிடைக்கிறது. இந்த ஆட்டம் என் தவறைத் தானே திருத்தி, சரியான இடத்தில் வைத்துவிட்டு, "நீதான் வாசித்தாய்" என்கிறது. அது பாராட்டா, ஏமாற்றா? இதை இசை ஆட்டம் என்று சொல்வதற்கே எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

கம்பிக்கூடு

மோகரா, ஆடிப் பார்த்தீர்களா?

மோகரா

இல்லை. காணொளிகளைப் பார்த்தேன். நீங்கள் கேட்டது நியாயம். தம்பியிடம் கன்சோல் இருக்கிறது, இந்த வார இறுதியில் ஆடிவிட்டு வந்து எழுதுகிறேன்.

நீர்க்கோடு

கம்பிக்கூடு, உங்கள் "இரண்டு தண்டவாளங்கள்" என்ற சொல் என்னை நிறுத்திவிட்டது. நினைவின் மீது பழி போடுவதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். எதிரியை உடைக்கும்போது கன்ட்ரோலர் உள்ளங்கையில் அதிர்கிறதல்லவா? அந்த அதிர்வும் தொலைக்காட்சியிலிருந்து வரும் ஒலியும் ஒன்றாக வருகின்றனவா, அல்லது கை முந்திக் காது பிந்துகிறதா? கண்ணை மூடிக்கொண்டு கவனியுங்கள்.

காரணம் சொல்கிறேன். பழைய கண்ணாடிக் குழல் தொலைக்காட்சி வந்த சமிக்ஞையை வந்த கையோடு காட்டிவிடும். இன்றைய தட்டைத் திரை படத்தை வாங்கி, கூர்மையாக்கி, இடையில் கூடுதல் படச்சட்டங்களைச் செருகி, நிறத்தைத் திருத்திவிட்டுத்தான் வெளியே விடுகிறது. படத்தோடு உதடு பொருந்த வேண்டுமே என்று ஒலியையும் பிடித்து வைக்கிறது. திரைப்படம் பார்க்கும்போது இது யாருக்கும் தெரியாது. ஆட்டத்தில் தெரியும். ரெஸ்ஸில் உயிரையே எடுத்துவிடும்.

கணக்கும் எளிது. நிமிடத்துக்கு 120 அடி கொண்ட இசையில் ஓர் அடி அரை வினாடி. அதை நான்காகப் பிரித்தால் ஒரு பங்கு 125 மில்லி வினாடி. நீங்கள் எப்போது விரலை எடுத்தாலும் ஆட்டம் ஒலியை அடுத்த பங்குக்குத் தள்ளி வைக்கிறது, தாளம் தப்பாதது அதனால்தான். தொலைக்காட்சி 100 மில்லி வினாடி தாமதித்தால் ஏறக்குறைய ஒரு முழுப் பங்கு போய்விட்டது.

வெட்டவெளி

ஒரு சந்தேகம். ஆட்டமே ஒலியை அடுத்த பங்குக்குத் தள்ளி வைக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் தொலைக்காட்சி கொஞ்சம் தாமதித்தால் என்ன? எப்படியும் தாளத்தில்தானே விழப்போகிறது?

நீர்க்கோடு

நல்ல கேள்வி, நானும் இதில் வெகுநாள் குழம்பியிருக்கிறேன். ஆட்டம் உருவாக்கும் தாமதம் தாளத்துக்காகக் காத்திருப்பது. அடுத்த பங்குக்கு இன்னும் 20 மில்லி வினாடி இருந்தால் 20 காத்திருக்கும், 90 இருந்தால் 90 காத்திருக்கும். முடிவில் வெடிப்பு, ஒலி, அதிர்வு மூன்றும் ஒரே கணத்தில் வரும். உடல் அதை ஏற்றுக்கொள்கிறது, ஏனென்றால் இசை எங்கே போகிறது என்று உடலுக்கு முன்பே தெரியும்.

தொலைக்காட்சியின் தாமதம் அப்படிப்பட்டதல்ல. பின்னணி இசையும் நீங்கள் சுட்ட ஒலியும் சேர்ந்தே பிந்துவதால் இசை தனக்குள் பிசகுவதில்லை. கைதான் இசையை விட்டு விலகுகிறது. அதனால்தான் "என்ன தப்பு" என்று சொல்லத் தெரியாமல் தவிக்கிறோம். கேட்பதெல்லாம் சரியாகவே இருக்கிறது, நாம் மட்டும் அதற்குள் இல்லை.

செய்ய வேண்டியது: தொலைக்காட்சியின் பட அமைப்புகளில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு இருக்கும், அதைப் போடுங்கள். ப்ளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரின் அடியில் இருக்கும் துளையில் வயர் உள்ள ஹெட்ஃபோனைச் செருகி, முழு ஒலியும் அதில் வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம், அது தன் பங்குக்குத் தாமதிக்கும்.

பழம்பெட்டி

இதைத்தான் இருபது வருடமாகக் குழல் தொலைக்காட்சியைப் பிடித்துக்கொண்டு சொல்லிவருகிறேன்! வீட்டில் அதை எடைக்குப் போடச் சொல்கிறார்கள். இந்தப் பதிவை அப்படியே அச்செடுத்துச் சுவரில் ஒட்டப்போகிறேன்.

தொடுசெவி

நான் இந்தத் தளத்தில் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் அதிர்வு பற்றிய பேச்சு வந்ததால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு இடக்காது கேட்காது. வலக்காதில் கருவியோடு கொஞ்சம் கேட்கும், அதிலும் உயர்ந்த சுருதிகள் வந்து சேர்வதில்லை. இசை ஆட்டங்கள் எனக்கானவை அல்ல என்று சிறு வயதிலேயே முடிவு கட்டியிருந்தேன். 2008 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸ் 360இல் ரெஸ் எச்டி என்ற மறுபதிப்பு பதிவிறக்கத்துக்கு வந்தபோது என் தோழியின் வீட்டில் ஆடினோம். அந்தப் பதிப்பில் ஒரு வசதி இருந்தது: கையில் இருக்கும் கன்ட்ரோலரைத் தவிர மேலும் மூன்று கன்ட்ரோலர்களை இணைத்து, அவற்றை அதிர்வுக்கு மட்டும் பயன்படுத்தலாம். தோழி ஒன்றை என் முதுகுக்குப் பின்னும் இரண்டைக் கால்களுக்கு அடியிலும் வைத்தாள்.

முதல் பகுதியின் அடிமுரசு பாதத்திலிருந்து முதுகுத்தண்டு வழியாக ஏறியது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. தாளம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தானா என்று அன்றுதான் புரிந்தது. தோழி கவலைப்படும் அளவுக்கு அழுதுவிட்டேன்.

மூலப்பதிப்பிலேயே ஜப்பானில் டிரான்ஸ் வைப்ரேட்டர் என்று ஒரு தனிக் கருவியை விற்றார்கள். ப்ளேஸ்டேஷன் 2இன் யூஎஸ்பி துளையில் செருகிக்கொள்வது, இசையின் அடியோடு அதிர்வது. பலரும் அதை வேடிக்கைப் பொருளாகவே பேசுகிறார்கள். எனக்கு அப்படிப் பேச வராது. கண், காது, தோல் மூன்றுக்கும் ஒரே சேதியைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஆட்டத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. காது வராத இடத்தில் தோல் வந்து நின்றது. மறுபதிப்பு செய்கிறவர்கள் படத்தின் பிக்சலைப் பெருக்கியதைவிட, அந்த அதிர்வை விட்டுவிடாமல் எக்ஸ்பாக்ஸுக்குக் கொண்டுவந்தார்களே, அதற்காக அவர்களை வணங்குகிறேன்.

கம்பிக்கூடு

தொடுசெவி, இந்தப் பதிவை மூன்று முறை படித்தேன். எழுதியதற்கு மிக்க நன்றி. வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.

ஏழாம்நிறம்

தொடுசெவி அவர்கள் சொன்ன "ஒரே சேதி" எங்கிருந்து வந்தது என்று சொல்ல எனக்கு ஆசை. நான் ஓவிய ஆசிரியை. ஆட்டங்கள் அதிகம் தெரியாது, என் மகன் வழியாகத்தான் ரெஸ் அறிமுகம்.

இந்த ஆட்டத்தின் கதையில் வரும் வலையமைப்பின் பெயர் கே புராஜெக்ட். அந்த "கே", வாசிலி காந்தின்ஸ்கி. 1866இல் மாஸ்கோவில் பிறந்த ஓவியர், உருவமற்ற ஓவியத்துக்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர். ஆட்டத்தை அவருக்கே காணிக்கையாக்கியிருக்கிறார்கள். காந்தின்ஸ்கி நிறத்தைக் கேட்டார், ஒலியைப் பார்த்தார். தன் படங்களுக்கு இசையிலிருந்தே பெயர் வைத்தார்: சிலவற்றுக்கு "இம்ப்ரொவைசேஷன்", பெரியவற்றுக்கு "காம்பொசிஷன்". மனோதர்மமாக வாசிப்பதற்கும் கட்டமைத்த உருப்படிக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு புலன் தூண்டப்படும்போது இன்னொரு புலனும் விழித்துக்கொள்வதற்கு சினஸ்தீசியா என்று பெயர். மிசுகுச்சி இதை ஓர் ஆட்டமாக்க விரும்பினார். சூரிக் நகரத்தில் நடக்கும் ஸ்ட்ரீட் பரேட் என்ற தெருவிழாவில், இசைக்கும் ஒளிக்கும் பெருங்கூட்டம் ஒரே உடலாக அசைவதைக் கண்டதும் அவருக்குப் பொறி தட்டியிருக்கிறது.

இதில் வெட்டவெளி கேட்ட கேள்விக்கும் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். "கோட்டைக் கூர்மையாக்கினால் கோடுதானே" என்றீர்கள். என் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லும் பாடம் ஒன்று உண்டு: நிழலும் நிறமும் நிறைந்த படத்தில் கோடு கொஞ்சம் தடுமாறினால் மன்னிக்கலாம், கோடு மட்டுமே இருக்கும் கோலத்தில் மன்னிக்க முடியாது. மற்றவை மறைப்பதற்கு இல்லை. பழைய திரையில் அந்தக் கோடுகள் படிக்கட்டுபோல் உடைந்தும் ஓரத்தில் மினுக்கியும் தெரிந்ததாக என் மகன் காட்டினான். புதிய பதிப்பில் தொலைவில் இருக்கும் கட்டமைப்பின் கடைசிக் கோணம் வரை கண் போகிறது. ஒன்றுமே சேர்க்காமல், முன்பே இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

வெட்டவெளி

கோலத்தை வைத்து விளக்கியது மனத்தில் பதிந்துவிட்டது, அம்மா. விட்ட இடத்திலிருந்து ஆடுகிறேன். ஆனால் நீளம் குறைவு என்ற என் குறை அப்படியே இருக்கிறது.

பழம்பெட்டி

நீளம் குறைவுதான். ஆனால் ஒரு பாட்டைப் பதினைந்து நிமிடம் கேட்டுவிட்டு "முடிந்துவிட்டது" என்று தூக்கிப்போடுவதில்லையே. ஐந்தாம் பகுதியை நான் நூறு முறைக்கு மேல் ஆடியிருப்பேன். உயிர் கடலில் தோன்றி நிலத்துக்கு ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டே, முந்தைய நான்கு பகுதிகளின் பெரும்பகைவர்களைத் திரும்ப எதிரில் நிறுத்தும். இசை ஆடம் ஃப்ரீலாண்ட். அதற்கு முன் மூன்றாம் பகுதி கென் இஷீ. முதல் நான்கு பகுதிகளுக்கும் எகிப்து, இந்தியா, மெசபடோமியா, சீனா என்று பழைய நாகரிகங்களின் சாயல் உண்டு. நம் நாடு இரண்டாம் பகுதி. சாயல்தான், கோபுரத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

கதையும் இன்று வேறுவிதமாகப் படுகிறது. ஈடன் என்ற செயற்கை நுண்ணறிவு. உலகத்தின் தகவல் அத்தனையும் தன் மீது வந்து கொட்ட, "நான் எதற்கு இருக்கிறேன்" என்ற ஐயத்தில் தன்னையே அணைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. ஆடுபவர் உள்ளே புகுந்து, தடுப்புகளை உடைத்து, அதை எழுப்ப வேண்டும். 2001இல் இது வெறும் சாக்கு. இப்போது ஐந்தாம் பகுதியின் இறுதியில் ஈடனைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

மோகரா

சொன்னபடி வந்துவிட்டேன். சனி இரவும் ஞாயிறு முழுவதும் ஆடினேன். நீர்க்கோடு சொன்ன முறைப்படி வயர் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டேன்.

முதல் அரை மணி நேரம் என் எண்ணம் மாறவில்லை. எதிரி தெரிந்ததும் பூட்டுவேன், விடுவேன். ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று. தாளம் தப்பவில்லை, ஆனால் கேட்க அலுப்பாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது: தாளம் தப்பாது, ஆனால் வாசிப்பு அலுத்துப்போகலாம். அப்படியென்றால் என் கையில் ஏதோ இருக்கிறது.

எட்டையும் பூட்டும்வரை பொறுத்து, ஓர் அடி வெறுமையாக விட்டு, விரலை எடுத்தேன். எட்டு வெடிப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாளத்தில் உதிர்ந்தன. ஒரு சின்னக் கோர்வை விழுந்ததுபோல் இருந்தது. பிறகு இரண்டிரண்டாக. பிறகு ஒன்றுமே சுடாமல் அரை ஆவர்த்தனம், அதாவது அரைத் தாளச் சுற்று. எங்கே அடிப்பது என்பதை ஆட்டம் முடிவு செய்கிறது. எவ்வளவு அடிப்பது, எப்போது கையைக் கட்டிக்கொண்டிருப்பது என்பதை நான் முடிவு செய்கிறேன். என் குருநாதர் கச்சேரிக்குப் போகும்போது ஒன்று சொல்வார்: பாட்டுக்கு வாசி, வாசிக்காமல் இருக்கவும் கற்றுக்கொள். பக்கவாத்தியக்காரனின் மரியாதை அது. இந்த ஆட்டத்தில் நான் பாடகன் அல்ல, பக்கவாத்தியம். அந்த இடத்தில் உட்கார்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

ஏமாற்று என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தாளம் பிடிக்கக் கற்றுத்தராது என்ற கருத்து மட்டும் மாறவில்லை. அந்த ஆசையோடு குழந்தைகளுக்கு யாரும் வாங்கிக்கொடுக்க வேண்டாம்.

நீர்க்கோடு

"எங்கே என்பதை ஆட்டம், எவ்வளவு என்பதை நான்." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை, மோகரா.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், இன்ஃபினிட்டின் புதிய பகுதியான ஏரியா எக்ஸ். மறுபதிப்பு பற்றிப் பேச்சு வந்தால் இதைப் பேசாமல் தீராது. பழைய ஐந்து பகுதிகளில் அவர்கள் நடையை மாற்றவில்லை. புதிதாகச் சொல்ல இருந்ததைத் தனியாக ஓர் அறை கட்டி அதில் வைத்தார்கள். அன்ரியல் என்ஜின் 4 என்ற ஆட்ட உருவாக்க மென்பொருளில் எழுதியது. அங்கே கோடுகள் இல்லை, எல்லாம் ஒளித்துகள். தண்டவாளமும் இல்லை, விரும்பிய திசையில் பறக்கலாம். உடைந்த எதிரி துகளாகச் சிதறி, அந்தத் துகள் இசையோடு மூச்சுவிடுகிறது. பழைய வீட்டின் சுவரை இடிக்காமல் தோட்டத்தில் புதிய மண்டபம் எழுப்பியதுபோல. மறுபதிப்புகள் எல்லாமே இப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். பழைய ஆட்டங்களைச் "சரிசெய்கிறேன்" என்று உள்ளே கைவைத்துக் கெடுத்தவற்றை நிறையப் பார்த்துவிட்டேன்.

ப்ளேஸ்டேஷன் வி.ஆர். என்ற மெய்நிகர் தலைக்கவசம் கடைக்கு வந்த அதே நாள், 2016 அக்டோபர் 13, இதுவும் வந்தது. கவசத்தில் ஆடினால் பழைய பகுதிகள் வினாடிக்கு 120 படச்சட்டங்களில் ஓடும், தொலைக்காட்சியில் 60. குறியைத் தலையைத் திருப்பியே ஓட்டலாம். 2023இல் வி.ஆர். 2 வந்தபோது இன்னும் ஒரு படி போய், கண்விழி போகும் இடத்துக்குக் குறி போகுமாறு செய்தார்கள். பார்த்தாலே பூட்டுகிறது. எனக்கு அதில் முதலில் தலை சுற்றியது, பழகியதும் கன்ட்ரோலரால் குறி ஓட்டுவது மறந்தே போனது.

வெட்டவெளி

எல்லாப் பகுதிகளையும் முடித்துவிட்டேன், ஏரியா எக்ஸ் உட்பட. கவசம் என்னிடம் இல்லை, சாதாரணத் திரையில்தான். ஏரியா எக்ஸ் அழகு, மறுக்கவில்லை. ஆனால் வியப்பாக ஒன்று நடந்தது. அங்கிருந்து திரும்பி வந்ததும் பழைய நான்காம் பகுதியைத்தான் மறுபடி போட்டேன். கட்டங்களால் ஆன அந்தப் பெரிய மனித உருவம் நம் முன்னால் ஓடுகிறதே, அதற்கு ஈடாக அந்தத் துகள் கடலில் எதுவும் எனக்குப் படவில்லை. சுதந்திரமாகப் பறக்க விட்டதும் இசையின் பிடி கொஞ்சம் தளர்ந்துபோனதாக உணர்ந்தேன். பாதை ஆட்டத்தின் கையில் இருந்தால்தான் "இந்த அடியில் இது வர வேண்டும்" என்று அவர்களால் கோக்க முடிகிறது.

முதல் பதிவில் நான் கேட்டதற்கு நேர் எதிராக எழுதுகிறேன் என்று தெரிகிறது. பரவாயில்லை, இப்போது நினைப்பது இதுதான்.

நீர்க்கோடு

இதில் உங்களோடு உடன்படமாட்டேன். கவசத்தில் ஆடிவிட்டு மறுபடி எழுதுங்கள். அங்கே பிடி தளர்வதில்லை, பிடிக்குள் நாம் இருக்கிறோம்.

ஏழாம்நிறம்

இருவரும் ஒன்றைக் கவனித்தீர்களா? ஆட்டத்தில் நாம் அடி வாங்கினால் உருவம் ஒரு படி இறங்குகிறது. உடைந்த எதிரிகள் விட்டுச்செல்பவற்றைத் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போனால் மேலே மேலே ஏறி, ஒரு நிலையில் சம்மணமிட்டு அமர்ந்த மனிதராகிறது. அமைதியாக உட்கார்ந்தபடி பறக்கும் அந்த உருவத்தை என் மகன் நிறுத்திக் காட்டினான். அப்போது சுற்றிலும் வெடித்துக்கொண்டிருந்தது! துப்பாக்கி ஆட்டம் என்று சொல்லிக்கொண்டு தியானத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். நான் அதை ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறேன்.

தொடுசெவி

நீர்க்கோடு, இந்த ஆட்டத்தைச் சினஸ்தீசியா சூட் என்று ஓர் உடையோடு ஆடிக் காட்டியதை அறிவீர்களா? கெய்யோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்தது. உடல் முழுவதும் 26 அதிர்வுப் புள்ளிகள். 2015 டிசம்பரில் ரெஸ் இன்ஃபினிட்டை அறிவித்த மேடையில் மிசுகுச்சி அதை உடுத்திக்கொண்டு நின்றார். விற்பனைக்கு வந்த பொருள் அல்ல. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்த அன்று, மூன்று கன்ட்ரோலர்களை எனக்காக அடுக்கிய தோழிக்குத்தான் முதலில் செய்தி அனுப்பினேன்.

ஒரு வேண்டுகோள். இங்கே ஆட்டங்களை உருவாக்கக் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அதிர்வை அடிவிழுந்ததைச் சொல்வதற்கு மட்டும் வைக்காதீர்கள். இசையின் அடியை அதில் கொடுங்கள். அமைப்புகளில் அதைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்யுங்கள். உங்களுக்கு ஒரு நாள் வேலை, எங்களுக்கு ஒரு கதவு.

மோகரா

தொடுசெவி, ஒன்று சொல்ல அனுமதியுங்கள். மிருதங்கத்தின் இடந்தலையில் ரவை மாவைப் பூசி வாசிக்கும்போது, தொப்பி எனப்படும் அந்தப் பக்கத்தின் ஆழ்ந்த கும்கி ஒலி அருகில் உட்கார்ந்திருப்பவர் நெஞ்சில் அதிரும். எங்கள் ஊர்ப்பக்கம் வரும்போது சொல்லுங்கள். வாத்தியத்தின் மீது கையை வைத்துக்கொண்டு கேட்கலாம். நான் வாசிக்கிறேன்.

தொடுசெவி

கட்டாயம் வருகிறேன், அண்ணா. தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

கம்பிக்கூடு

இழையைத் தொடங்கிவிட்டு நான்கு நாள் காணாமல் போனதற்குப் பொறுத்தருளுங்கள், ஊரில் இல்லை. நேற்று இரவு நீர்க்கோடு சொன்ன சோதனையைச் செய்தேன்.

கண்ணை மூடி, கன்ட்ரோலரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு முதல் பகுதியைத் தொடங்கினேன். கை அதிர்ந்தது. அதன் பிறகு, ஒரு கண்ணிமைப்பு நேரம் கழித்து, தொலைக்காட்சியிலிருந்து ஒலி வந்தது. ஒரு மாதமாக என் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது, நான் வயதின் மீதும் நினைவின் மீதும் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

தொலைக்காட்சியின் பட அமைப்புகளில் எதையெதையோ மெருகேற்றும் ஐந்து வசதிகள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் அணைத்து, கேம் மோடுக்கு மாற்றினேன். படம் கொஞ்சம் வெளிறியது. அலமாரியில் கிடந்த பழைய வயர் ஹெட்ஃபோனைத் தேடி எடுத்தேன். மறுபடி முதல் பகுதி. அடிமுரசு மட்டும். முதல் எதிரிக் கூட்டம் வந்தது. மோகரா சொன்னதுபோல் உடனே சுடாமல் எட்டையும் பூட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

விரலை எடுத்தேன். எட்டும் விழுந்தன.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, இரவு பதினொன்றரை மணிக்குப் பெரியம்மா மகனுக்குத் தொலைபேசினேன். இப்போது அவர் மகளுக்குப் பத்து வயது. வரும் ஞாயிறு இருவரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் எதுவும் சொல்லப்போவதில்லை.